மீட்டரில் 6, தராசில் 5.5: ஒரு நைட்ரஜன் கணக்கின் நிகழ்வு ஆய்வு

எங்கள் ஹீட் ட்ரீட்மென்ட் ஷாப்பில் நான்கு மாதம் இழுத்தடித்த ஒரு சிக்கலை இங்கே முழுசாக எழுதி வைக்கிறேன். பழுதான கருவி எதுவும் இல்லை, கசிவு இல்லை, யாரும் அலட்சியமாக இருக்கவும் இல்லை. ஒரு ஃப்ளோ மீட்டர் மணிக்கு 6 கன மீட்டர் என்று காட்டியது. அந்த 6 எந்த வெப்பநிலைக்கு, எந்த அழுத்தத்துக்குக் கணக்கிட்ட 6 என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பதினொன்றாம் வகுப்பில் எல்லோரும் மனப்பாடம் செய்த எஸ்.டி.பி., அதாவது திட்ட வெப்ப அழுத்த நிலை, இத்தனை வருஷம் கழித்து ஃபர்னஸ் வாசலில் வந்து நின்றது.

இடம் சென்னையை ஒட்டிய ஒரு தொழிற்பேட்டை. கியர்களை கார்புரைசிங் செய்கிற சீல்டு குவென்ச் ஃபர்னஸ். 925 டிகிரியில் கியரின் மேல்தோலுக்குள் கார்பனை ஊற விட்டு, பிறகு எண்ணெயில் முக்கிக் கடினப்படுத்துவோம். அந்தக் கார்பன் வருவது ஃபர்னஸுக்குள் இருக்கும் வாயுவிலிருந்து. நாங்கள் ஓட்டுவது நைட்ரஜன்-மெத்தனால் முறை: சொட்டுச் சொட்டாக உள்ளே விழும் மெத்தனால் அந்தச் சூட்டில் உடைந்து, ஒரு மூலக்கூறுக்கு ஒரு கார்பன் மோனாக்சைடும் இரண்டு ஹைட்ரஜனும் ஆகும். அதோடு நைட்ரஜனைக் கலந்தால் 20 சதவீதம் கார்பன் மோனாக்சைடு, 40 சதவீதம் ஹைட்ரஜன், 40 சதவீதம் நைட்ரஜன் என்ற கலவை கிடைக்கும். முன்பு ஃபர்னஸுக்கு வாயு தயாரித்துக் கொடுத்த பழைய எண்டோ கேஸ் ஜெனரேட்டரின் கலவையும் கிட்டத்தட்ட இதுதான், அதனால்தான் உலகம் முழுக்க இந்த விகிதத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, பின்னால் வரப்போகிற எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது. மெத்தனாலை லிட்டரில் அளக்கிறோம், ஏனென்றால் அது திரவம். நைட்ரஜனைக் கன மீட்டரில் அளக்கிறோம். இரண்டையும் விகிதம் பார்க்க வேண்டுமென்றால் மெத்தனாலை வாயுவாக மாற்றிக் கணக்கிட வேண்டும். ஒரு லிட்டர் மெத்தனால் சுமார் 792 கிராம், மோலார் நிறை 32, ஆக 24.7 மோல். ஒரு மோல் உடைந்தால் மூன்று மோல் வாயு, அப்போது 74 மோல். அதை ஒரு மோல் வாயு பிடிக்கும் இடமான 22.4 லிட்டரால் பெருக்கினால் 1.66 கன மீட்டர். எங்கள் செட்டிங் மணிக்கு 5.4 லிட்டர் மெத்தனால், அதாவது 9 கன மீட்டர் வாயு. கூட 6 கன மீட்டர் நைட்ரஜன். 9-க்கு 6. அறுபதுக்கு நாற்பது.

கவனித்தீர்களா, மெத்தனால் பக்கத்தில் 22.4 வந்துவிட்டது. அதாவது அந்த 9 என்பது 0 டிகிரி செல்சியஸ், 1 அட்மாஸ்பியர் அழுத்தத்தில் உள்ள 9. அப்படியென்றால் நைட்ரஜனின் 6-ம் அதே 0 டிகிரி, அதே 1 அட்மாஸ்பியரில்தான் இருக்க வேண்டும். வேறு நிலைகளுக்கு உரிய 22.7-ல் இரண்டையும் போட்டிருந்தாலும் சரி, 24.4-ல் இரண்டையும் போட்டிருந்தாலும் சரி, விகிதம் மாறாது. ஒன்றை ஒரு நிலையிலும் மற்றதை வேறொரு நிலையிலும் வைத்துக்கொண்டு வகுத்தால்தான் தப்பு.

பல வருஷமாக எங்களுக்கு நைட்ரஜன் வந்தது திரவ நைட்ரஜன் டேங்கிலிருந்து. ஃபர்னஸ் பேனலில் வாயு ஓட்டத்தைக் காட்டும் ஒரு கண்ணாடி ரோட்டாமீட்டர், அதன் ஸ்கேல் 0 டிகிரி, 1 அட்மாஸ்பியர் கணக்கில் அச்சிட்டது. பிறகு செலவைக் குறைக்க, காற்றிலிருந்தே நைட்ரஜன் பிரிக்கும் பி.எஸ்.ஏ. ஜெனரேட்டர் ஒன்றை வாங்கினோம். கூடவே ரோட்டாமீட்டரை எடுத்துவிட்டு, டிஜிட்டல் தெர்மல் மாஸ் ஃப்ளோ மீட்டர். பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதியது ‘மணிக்கு இத்தனை நார்மல் கன மீட்டர்’ என்று. நார்மல் என்றால் என்ன என்று ஆர்டரில் ஒரு வார்த்தை இல்லை. போட்டவர்கள் மீட்டரின் மேல் நார்மல் கன மீட்டரின் சுருக்கமாக ‘என்.எம்.க்யூப்’ என்று ஒரு ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

சிக்கல் முதலில் தெரிந்தது ஷிம் டெஸ்டில். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஷிம் என்பது சிகரெட் பெட்டித் தாள் மாதிரி மெல்லிய இரும்புத் தகடு, 0.1 மில்லிமீட்டர் கனம். அதை அசிட்டோனில் துடைத்து, விரல் படாமல் இடுக்கியால் பிடித்து, நாலு தசம இடம் காட்டும் தராசில் எடை போட்டு, ஒரு கம்பியின் நுனியில் மாட்டி, ஃபர்னஸின் சின்ன துவாரம் வழியாக உள்ளே விட வேண்டும். அரை மணி கழித்து, வெளிக்காற்று படாமல் துவாரத்துக் குழாயிலேயே ஆற விட்டு, மறுபடி எடை. மெல்லிசாக இருப்பதால் அதற்குள் அது முழுக்கக் கார்பனைக் குடித்து, சுற்றியிருக்கும் வாயுவோடு சமநிலைக்கு வந்திருக்கும். ஏறிய எடைதான் கார்பன்.

அன்றைக்கு நானே போட்ட ஒரு ஷிம்: போகும்போது 1.5024 கிராம், வரும்போது 1.5143 கிராம். ஏறியது 11.9 மில்லிகிராம். சதவீதத்தில் 0.786, தகட்டில் முதலிலேயே இருந்த 0.04-ஐச் சேர்த்தால் 0.83. ஃபர்னஸின் கார்பன் அளவைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரின் திரையில் 0.80 என்று நிலையாக நின்றுகொண்டிருந்தது.

0.03 வித்தியாசம் ஒரு ஷிம்மில் வந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள், எடை போடும்போது கை நடுங்கினால்கூட வரும். ஆனால் ஜெனரேட்டர் மாற்றிய பிறகு போட்ட ஷிம்கள் 0.82, 0.83, 0.81, 0.83, 0.82. ஒன்றுகூட 0.80-க்குக் கீழே இல்லை. தற்செயல் பிழை என்றால் மேலும் கீழும் ஆட வேண்டும், ஒரே பக்கம் சாய்ந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது. அதே சமயம் குவாலிட்டியிலிருந்தும் ஒரு குறிப்பு வந்தது: கியர் பல்லின் மேற்பரப்பில் எண்ணெயில் முக்கிய பிறகும் கடினமாக மாறாமல் தங்கும் ஆஸ்டனைட் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது, எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனால் ஏறுகிறது.

முதல் சந்தேகம், கன்ட்ரோலருக்குத் தகவல் கொடுக்கும் சென்சாரான ஆக்சிஜன் புரோப் மேல். “சார், புரோப் போயிடுச்சு சார், வேற ஒன்னும் இல்ல” என்று மெயின்டனன்ஸில் சொன்னார்கள். புரோப் மாற்றினோம், விலை குறைவான சாமான் இல்லை அது. ஷிம் மறுபடி 0.82. அடுத்து மெத்தனால். அளவு ஜாடியைப் பிடித்துக் கடிகாரம் வைத்து அளந்தோம், மணிக்கு 5.4 லிட்டர் சரியாக விழுந்தது. அடுத்தது, ஜெனரேட்டர் நைட்ரஜனில் மிச்ச ஆக்சிஜன் இருக்குமே, அதனால் இருக்குமோ என்று ஒரு யோசனை. அதை நான் அப்போதே ஒதுக்கிவிட்டேன், ஏனென்றால் ஆக்சிஜன் உள்ளே போனால் கார்பனைத் தின்னும், குறைக்கத்தான் செய்யும். எங்களுக்கு ஏறியிருக்கிறது.

இதற்கு நடுவில் நைட் ஷிஃப்ட் சூப்பர்வைசர் அண்ணன் கன்ட்ரோலரில் உள்ள சி.ஓ. ஃபேக்டரை, அதாவது கார்பன் மோனாக்சைடு எத்தனை சதவீதம் என்று கணக்கில் போடும் எண்ணை, 20-லிருந்து 20.6-க்கு ஏற்றிவிட்டார். உடனே ஷிம்மும் திரையும் ஒத்துப்போயின. “சரியாயிடுச்சு பாருங்க” என்றார். அனுபவஸ்தர், முப்பது வருஷம் ஃபர்னஸோடு வாழ்ந்தவர், அவர் கை வைத்த இடம் சரியான இடம்தான். ஆனால் ஏன் 20.6? அதை அப்படியே விட்டிருந்தால் ஃபைல் மூடியிருக்கும், நாங்களும் நிம்மதியாக இருந்திருப்போம். எனக்குத் தூக்கம் வரவில்லை.

புரோப் கார்பனை நேரடியாக அளப்பதில்லை. அது பார்ப்பது ஃபர்னஸ் வாயுவில் மிச்சமிருக்கும் மிக மிகக் குறைந்த ஆக்சிஜனை. அதையும் வெப்பநிலையையும் வைத்து, ‘கார்பன் மோனாக்சைடு 20 சதவீதம் இருக்கிறது’ என்ற அனுமானத்தில் கன்ட்ரோலர் கார்பனைக் கணக்கிடுகிறது. ஆக்சிஜன் அதே அளவில் இருந்து, மோனாக்சைடு மட்டும் 20-க்குப் பதில் 20.6 இருந்தால், உண்மையான கார்பன் திரையில் தெரிவதைவிட ஏறக்குறைய மூன்று சதவீதம் கூட இருக்கும். 0.80 காட்டும் இடத்தில் 0.82, 0.83. கணக்கு பொருந்துகிறது. மோனாக்சைடு ஏன் 20.6 ஆனது? மெத்தனால் கூடவில்லை என்று அளந்தாயிற்று. அப்போது நைட்ரஜன் குறைந்திருக்க வேண்டும். எவ்வளவு குறைந்தால் 20.6 வரும் என்று பின்னோக்கிப் போட்டேன்: மோனாக்சைடு 3 கன மீட்டர், அதை 0.206-ஆல் வகுத்தால் மொத்தம் 14.56, அதில் மெத்தனால் வாயு 9 போக நைட்ரஜன் 5.56. மீட்டரோ 6.0 என்கிறது.

மீட்டர் புதுசு, சான்றிதழோடு வந்தது, அதைச் சந்தேகப்படவே ஒருவருக்கும் மனசு வரவில்லை. சந்தேகத்தைத் தீர்க்க வாயுவின் பருமனை நம்பாத ஒரு அளவு வேண்டும். எடைதான் அது. ஒரு கிராம் எந்த ஊரிலும், எந்த வெயிலிலும் ஒரு கிராம்.

தராசு வைத்தோம். வெளியிலிருந்து ஒரு நைட்ரஜன் சிலிண்டர், 47 லிட்டர் கொள்ளளவு, 150 பார், மார்க்கெட்டில் ‘ஏழு கன மீட்டர் சிலிண்டர்’ என்று சொல்வார்களே அதுதான். பத்து கிராம் வித்தியாசத்தைக்கூடக் காட்டுகிற பிளாட்ஃபார்ம் தராசு. ஹோஸ் மாட்டியிருந்தால் அதன் இழுப்பு எடையில் தெரியும், அதனால் ஹோஸைக் கழற்றி வைத்து முன்னால் ஒரு எடை, பின்னால் ஒரு எடை. சிலிண்டரை மீட்டர் வழியாக வெளியே விட்டு, மீட்டரில் 6.0 நிற்கும்படி ரெகுலேட்டரைத் திருகிக்கொண்டே அரை மணி. மீட்டரின் கூட்டுக் கணக்கு 3.00 கன மீட்டர் தொட்டதும் வால்வை மூடினோம்.

0 டிகிரி, 1 அட்மாஸ்பியர் என்றால் 3 கன மீட்டர் நைட்ரஜன் 3.75 கிலோ இருக்க வேண்டும். தராசில் குறைந்தது 3.46 கிலோ. நம்பாமல் இன்னொரு சிலிண்டரில் மறுபடி செய்தோம், 3.44.

இப்போது இந்த 3.45 எந்த நிலைக்குப் பொருந்தும் என்று பாருங்கள். ஒரே 3 கன மீட்டர்தான்: வேதியியலின் சர்வதேச அமைப்பான ஐ.யு.பி.ஏ.சி. இன்றைக்குச் சொல்லும் எஸ்.டி.பி. (0 டிகிரி, 1 பார்) என்றால் 3.70 கிலோ. இயற்கை எரிவாயுக்காரர்களின் 15 டிகிரி, 1 அட்மாஸ்பியர் என்றால் 3.55. 20 டிகிரி, 1 அட்மாஸ்பியர் என்றால் 3.49. 20 டிகிரி, 1 பார் என்றால் 3.45. 25 டிகிரி, 1 அட்மாஸ்பியர் என்றால் 3.44. கடைசி இரண்டையும் எங்கள் தராசால் பிரித்துச் சொல்ல முடியாது, வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்லை. அதற்கு மீட்டரின் கையேட்டைத் திறக்க வேண்டியிருந்தது. மெனுவுக்குள் மெனு, அதற்குள் ‘ரெஃபரன்ஸ் கண்டிஷன்’ என்று ஒரு பக்கம், அதில் 20.0 டிகிரி, 1000 ஹெக்டோபாஸ்கல். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தது. கம்ப்ரஸ்டு ஏர் உலகத்தில் அது முற்றிலும் முறையான நிலை, கம்ப்ரஸர்களுக்கான ஐ.எஸ்.ஓ. 1217 தரமே 20 டிகிரி, 1 பார், உலர் காற்று என்றுதான் சொல்கிறது. மீட்டர் செய்தவர்கள் செய்தது சரி. திரையில் அலகு வெறும் ‘கன மீட்டர்’ என்றுதான் இருந்தது. ஸ்டிக்கர்தான் ‘நார்மல்’ என்றது.

தெர்மல் மாஸ் மீட்டர் உள்ளுக்குள் பார்ப்பது நிறையை, அதாவது சூடான கம்பியிலிருந்து வாயு எவ்வளவு வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகிறது என்பதை. கிராமில் தெரிந்துகொண்டு, கடைசியில் ஒரு அடர்த்தியால் வகுத்துக் கன மீட்டராகக் காட்டுகிறது. எந்த அடர்த்தியால் வகுக்க வேண்டும் என்பது அந்த மெனுவில் இருக்கிறது. நைட்ரஜனுக்கு 0 டிகிரி, 1 அட்மாஸ்பியரில் கன மீட்டருக்கு 1.25 கிலோ, 20 டிகிரி, 1 பாரில் 1.15 கிலோ. விகிதம் 1.087. மீட்டர் காட்டிய 6.0, எங்கள் பழைய கணக்கில் 5.52. நான் பின்னோக்கிப் போட்ட 5.56 இதற்கு எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது பாருங்கள், அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

அன்று ராத்திரியே சந்தோஷம் போய் பயம் வந்தது. காரணம் பர்ஜ். ஃபர்னஸை மூடும்போது உள்ளே இருக்கும் ஹைட்ரஜனையும் மோனாக்சைடையும் நைட்ரஜனால் விரட்ட வேண்டும், ஃபர்னஸ் கொள்ளளவைப் போலக் குறைந்தது ஐந்து மடங்கு வாயு விட வேண்டும் என்பது நடைமுறை. விரட்டாமல் கதவைத் திறந்தால் என்ன ஆகும் என்று இந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஃபர்னஸ் 4 கன மீட்டர், ஐந்து மடங்கு 20, அதை எண்ணுவது இதே மீட்டர். எட்டு சதவீதம் குறைந்தால் 18.4. ஐந்து மடங்குக்குப் பதில் 4.6 மடங்கா நான்கு மாதம் விட்டுக்கொண்டிருந்தோம்?

உட்கார்ந்து நிதானமாகப் போட்டபோது விடை வேறு. 18.4 என்பது 0 டிகிரியில் உள்ள பருமன், ஆனால் ஃபர்னஸ் 0 டிகிரியில் இல்லையே. முழுக்க ஆறிக் கிடக்கும் ஃபர்னஸ் என்றே வைத்துக்கொண்டாலும், எங்கள் ஷெட்டின் 33 டிகிரியில், அன்றைய 100.5 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் அந்த வாயு விரிந்து 20.8 கன மீட்டர் ஆகும். சூடாக இருந்தால் இன்னும் பல மடங்கு. ஆக பர்ஜ் குறையவில்லை, நிம்மதி. கலவை விகிதத்துக்கு வேண்டியது மோல், பர்ஜுக்கு வேண்டியது அந்த இடத்தை உண்மையாக நிரப்பும் பருமன். ஒரே மீட்டர், ஒரே எண், இரண்டு கேள்விக்கு இரண்டு விதமாகத் திருத்த வேண்டும். இதை நான் அதுவரை யோசித்ததே இல்லை.

அப்புறம் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது: ஏன் இத்தனை ‘திட்ட’ நிலைகள்? திட்டம் என்றாலே ஒன்றுதானே இருக்க வேண்டும்?

0 டிகிரி வந்ததற்குக் காரணம் பனிக்கட்டி. உருகும் பனிக்கட்டியில் பாத்திரத்தை வைத்தால் எந்த ஆய்வுக்கூடத்திலும் அதே வெப்பநிலை கிடைக்கும், தெர்மாமீட்டரைக்கூட நம்ப வேண்டாம். 760 மில்லிமீட்டர் பாதரசம் என்பது கடல் மட்டத்தில் காற்றின் சராசரி அழுத்தத்துக்கு நெருக்கமான ஒரு முழு எண். ஆனால் பாதரசத்தின் உயரத்தை மட்டும் சொன்னால் போதாது, பாதரசத்தின் வெப்பநிலை மாறினால் அடர்த்தி மாறும், ஊர் மாறினால் ஈர்ப்பு மாறும். அதனால் 1954-ல் எடைகள் அளவுகளுக்கான பத்தாவது பொது மாநாடு, ஒரு அட்மாஸ்பியர் என்றால் சதுர மீட்டருக்கு 1,01,325 நியூட்டன் என்று எண்ணாகவே நிர்ணயித்தது. அந்த அழுத்தத்தில்தான் ஒரு மோல் நல்லியல்பு வாயு 22.414 லிட்டர்.

பாஸ்கல் அலகு வந்து நிலைத்த பிறகு 1,01,325 என்ற எண் எல்லாச் சமன்பாட்டிலும் துருத்திக்கொண்டு நின்றது. 1982-ல் ஐ.யு.பி.ஏ.சி. திட்ட அழுத்தத்தை முழுசாக 1,00,000 பாஸ்கல், அதாவது 1 பார் என்று மாற்றப் பரிந்துரைத்தது. அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான என்.பி.எஸ்.ஸின் வெப்ப இயக்கவியல் அட்டவணைகள் அதே 1982-ல் மாறின, ஜானாஃப் அட்டவணைகள் 1985-ன் மூன்றாம் பதிப்பில் மாறின. எஸ்.டி.பி.யின் மோலார் பருமனும் அதோடு 22.711 ஆனது. வேதியியலர்களுக்கு இதில் பெரிய வலி இல்லை: என்தால்பி மதிப்புகள் கிட்டத்தட்ட அப்படியே இருந்தன, வாயுக்களின் என்ட்ரோபி மட்டும் மோலுக்குக் கெல்வினுக்கு 0.109 ஜூல் ஏறியது, அதையும் ஒரே கூட்டலில் திருத்திவிடலாம். தண்ணீரின் கொதிநிலை 1 அட்மாஸ்பியரில் 100 டிகிரி என்றால் 1 பாரில் 99.6. அவ்வளவுதான்.

வலி வந்தது வேறு இடத்தில். ஐ.யு.பி.ஏ.சி. சொன்னதை வேதியியல் கேட்டது, தொழிற்சாலை கேட்கவில்லை, கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஜெர்மன் டி.ஐ.என். 1343 தரத்தில் நார்மல் என்றால் இன்றைக்கும் 0 டிகிரி, 101.325 கிலோபாஸ்கல். இயற்கை எரிவாயுவின் ஐ.எஸ்.ஓ. 13443 தரத்தில் 15 டிகிரி, அதே 101.325. அமெரிக்க எரிவாயு வியாபாரம் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டில் நடக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை வெளிக்காற்றின் வாயு மாசை 25 டிகிரி, 760 மில்லிமீட்டருக்குத் திருத்திச் சொல்கிறது. சிப் தயாரிக்கும் ஆலைகளில் நிமிடத்துக்கு இத்தனை ‘ஸ்டாண்டர்ட்’ கன சென்டிமீட்டர் என்றால் மறுபடி 0 டிகிரி, 1 அட்மாஸ்பியர். ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலைக்கு ஏற்ற நியாயம் இருக்கிறது, குழாயில் எரிவாயு விற்பவர் 0 டிகிரியில் அதை ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. எனக்கு ஆட்சேபம் ஒன்றே ஒன்று: நார்மல், ஸ்டாண்டர்ட் என்ற வார்த்தையை மட்டும் சொல்லிவிட்டு எண்ணைச் சொல்லாமல் போவது. போதாக்குறைக்கு அலகுக்கு முன்னால் ஒரு ‘என்’ எழுத்தைச் சேர்ப்பது. எஸ்.ஐ. முறையில் ‘என்’ என்றால் நியூட்டன், அலகின் தலையில் இந்த மாதிரி கூடுதல் தகவலை ஏற்றக்கூடாது என்று எஸ்.ஐ. கையேடு தெளிவாகவே சொல்கிறது. எங்கள் ஷாப்பில் எவ்வளவு சொல்லியும் ‘என்.எம்.க்யூப்’ போகவில்லை. போகாது என்றும் தெரியும். பக்கத்தில் டிகிரியும் அழுத்தமும் எழுதினால் போதும், அது இருந்துவிட்டுப் போகட்டும்.

பள்ளிக்கூடத்திலும் இதே வேர்தான். எங்கள் தலைமுறைக்கு 22.4 ஒரு மந்திரம், 5.6 லிட்டர் என்றதும் கால் மோல் என்று வாய் தானாகச் சொல்லும். இன்றைய எஸ்.டி.பி.யில் 5.6 லிட்டர் என்பது 0.247 மோல். பரீட்சையில் கணக்கு அழகாக வகுபட வேண்டும் என்பதற்காகவே 11.2, 5.6, 2.24 என்று எண்களைக் கொடுத்துப் பழகிவிட்டார்கள். புத்தகத்தின் ஒரு இடத்தில் 1 பார் என்று வரையறை படித்த பிள்ளை, இன்னொரு இடத்தில் 22.4 என்று விடை எழுத வேண்டியிருக்கிறது. போன வருஷம் அக்கா மகள் இதைக் கேட்டாள்: “மாமா, எஸ்.டி.பி.ன்னா 22.4-ஆ, 22.7-ஆ?” இரண்டும் சரி, அழுத்தம் எவ்வளவு என்று கேள்வியில் பார், 1 அட்மாஸ்பியர் என்றால் முன்னது, 1 பார் என்றால் பின்னது என்றேன். “கேள்வியில எஸ்.டி.பி.ன்னு மட்டும்தான் மாமா போட்டிருக்கு” என்றாள். என் பர்ச்சேஸ் ஆர்டரில் ‘நார்மல்’ என்று மட்டும் போட்டிருந்ததும் அதே வகைதான்.

அவளுக்கு இன்னொன்றும் சொன்னேன். சென்னைக் காற்றில் ஒரு மோல் வாயு 22.4-ம் இல்லை, 22.7-ம் இல்லை, 33 டிகிரியில் 25 லிட்டருக்கும் மேல். ஊட்டிக்குப் போனால் அழுத்தம் சுமார் 78 கிலோபாஸ்கல்தான், அங்கே 15 டிகிரிக் குளிரிலும் ஏறக்குறைய 31 லிட்டர். திட்ட நிலை என்பது எல்லோரும் ஒத்துக்கொண்டு ஒப்பிடுவதற்கு வைத்த ஒரு அடையாளக் கல், வாயு நிஜமாகவே அங்கே போய் நிற்பதில்லை. வெப்ப இயக்கவியலின் திட்ட நிலைக்கோ வெப்பநிலையே நிர்ணயம் கிடையாது, 1 பார் மட்டும்தான், அட்டவணைகளில் 298.15 கெல்வின் என்று இருப்பது வசதிக்காக. எஸ்.டி.பி.யின் 273-ஐயும் அந்த 298-ஐயும் போட்டுக் குழப்பிக்கொள்ளாத மாணவர்களை நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன்.

ஷாப்பில் செய்தது இவ்வளவு. மீட்டரின் மெனுவை 0 டிகிரி, 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்று மாற்றினோம், பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினோம். பழைய ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இரண்டு எண்ணையும் பெரிதாக எழுதிப் புது ஸ்டிக்கர். சி.ஓ. ஃபேக்டரைத் திரும்ப 20-க்குக் கொண்டுவந்தோம், அதை மாற்றும்போது சூப்பர்வைசர் அண்ணன் பக்கத்தில் நின்றார். தராசு டெஸ்ட் செய்த அன்று அவர்தான் ரெகுலேட்டரைப் பிடித்துக்கொண்டிருந்தார், 3.46 வந்ததும் முதலில் தலையாட்டியவரும் அவர்தான். மெனு மாற்றிய பிறகு வந்த ஷிம்கள் 0.80, 0.79, 0.81, 0.80. ஆஸ்டனைட்டும் பழைய இடத்துக்கு இறங்கியது. முன்பு வந்த 0.02, 0.03 முழுக்க நைட்ரஜனால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஷிம்முக்கு என்று ஒரு ஆட்டம் உண்டு, ஆனால் ஒருபக்கச் சாய்வு போய்விட்டது. வீணாகப் போனது ஒரு நல்ல புரோப்பும் நான்கு மாதமும்.

ஜெனரேட்டரின் கொள்ளளவு விஷயம் இன்னும் பாக்கி. அதை விற்றவர்களின் டேட்டா ஷீட்டில் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் 20 டிகிரி, 1 பார் என்று இருக்கிறது, ஆக நாங்கள் கேட்ட அளவில் எட்டு சதவீதம் குறைவாகத்தான் வாங்கியிருக்கிறோம். நாங்கள் ஆர்டரில் எழுதாததால் அவர்களைக் குறை சொல்ல வழியில்லை. இப்போதைக்கு ஒரு ஃபர்னஸுக்கு அது போதும். இரண்டாவது ஃபர்னஸ் வரப்போகிறது, அதற்கான ஜெனரேட்டருக்கு விலைப்புள்ளி கேட்டபோது ‘0 டிகிரி, 101.325 கிலோபாஸ்கல், உலர் நைட்ரஜன்’ என்று முதல் வரியிலேயே எழுதினேன். மூன்று பேர் அனுப்பியிருக்கிறார்கள். ஒருவர் அதே நிலையில் கொடுத்திருக்கிறார், ஒருவர் 20 டிகிரி, 1 பார் என்று வெளிப்படையாகப் போட்டிருக்கிறார், அந்தக் கொள்ளளவை 1.087-ஆல் வகுத்துக்கொண்டேன். மூன்றாமவர் விலைதான் குறைவு, அதில் வெறும் ‘நார்மல் கன மீட்டர்’ என்று மட்டும் இருக்கிறது. எந்த வெப்பநிலை, எந்த அழுத்தம் என்று கேட்டு நேற்று அவருக்கு மெயில் போட்டிருக்கிறேன்.